கண்மாய்க்கரையில் விழுந்த மாப்பிள்ளை

உக்காருங்க தம்பி, உக்காருங்க. இந்தப் பையை நான் மடியில வச்சுக்கிறேன். உள்ள காலித் தூக்குவாளிதான், சத்தம் போடுமே ஒழிய இடிக்காது. கழுத்துல என்ன, பைனாகுலரா? அப்ப உடைகுளத்துக்குத்தான் போறீங்க. கார்த்திகை மாசத்துல இந்த பஸ்ல அதை மாட்டிக்கிட்டு ஏறுற ஆளு வேற எங்க போகப் போகுது! எங்க ஊருதான் அது. என் பேரு சேவுகமூர்த்தி. சேவுகன் வீடுன்னு கேட்டா எவனும் காட்டுவான்.

இந்த வருசம் நல்ல கூட்டம். நத்தைகுத்தி நாரை, சாம்பல் நாரை, அரிவாள்மூக்கன், நீர்க்காகம், எல்லாம் வந்து இறங்கிருச்சு. கருவமரத்துல கொப்பே தெரியல போங்க. வெளிநாட்டு வாத்தும் கொஞ்சம் நிக்குது. அதுக சும்மா இரை எடுத்துட்டுப் போறதுக்கு வர்றது, கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிறது எல்லாம் நம்ம நாட்டுப் பறவைகதான்னு வனத்துறை வாட்சர் சொல்லுவாரு. எங்களுக்கு அந்தப் பாகுபாடெல்லாம் கிடையாது. எங்கிருந்து வந்தா என்ன? புள்ளை பெக்கப் பொறந்த வீட்டுக்கு வந்த மக்க. அப்படித்தான் எங்க ஊர்ல நெனப்பு. மகளை எப்படிப் பாத்துக்குவோமோ அப்படிப் பாத்துக்குவோம்.

மகளை எப்படிப் பாத்துக்குவோமோ. ம்ஹும்.

நான் இப்ப எங்கிருந்து வர்றேன் தெரியுமா? எம்மகளைப் பிரசவத்துக்கு அழைக்கப் போயிட்டு வர்றேன். சிவகாசிப் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கு. ஒம்பதாம் மாசம். கட்டுச்சோறு கட்டிக்கிட்டுப் போய் மகளை அழைச்சுட்டு வர்றது எங்க பக்கத்து முறை. புளிச்சோறு, தேங்காச்சோறு, தயிர்ச்சோறு, சக்கரைப் பொங்கல், எல்லாம் எம்பொண்டாட்டி பொன்னழகு விடியுமுன்ன எந்திரிச்சு ஆக்குனா. போறப்ப பஸ்ல போவோம், வர்றப்ப மாசமா இருக்கிற புள்ளைக்குக் கார் பேசிக்குவோம்னு திட்டம். சோத்தை எல்லாரும் நல்லாச் சாப்பிட்டாங்க. சோத்து மேல ஒருத்தருக்கும் கோபமில்ல. எம்மகதான் வரமாட்டேன்னுட்டா. ஒத்த ஆளுக்கு என்னத்துக்குக் காரு? பஸ்ல வர்றேன்.

நீங்க பாட்டுக்குப் பாட்டுக் கேக்கணும்னா கேளுங்க தம்பி. நான் ஒரு ஆளு, வாயைத் தொறந்தா மூடத் தெரியாது. கேக்கலையா? சரி. அப்ப நடந்ததைச் சொல்றேன். சரியா தப்பான்னு நீங்களே சொல்லுங்க. ஊர்க்காரன்கிட்டக் கேட்டா எனக்கு ஆதரவாத்தான் பேசுவான். பொண்டாட்டிகிட்டக் கேட்டா... அவளை விடுங்க. நீங்க வெளியாளு. படிச்சவரு. நீங்க சொல்லுங்க.

முதல்ல எங்க ஊரு வழக்கம் தெரியணும். சரணாலயம்னு கவர்மெண்டு போர்டு வச்சதும், வேலி போட்டதும், ஏறிப் பாக்கக் கோபுரம் கட்டுனதும் எல்லாம் பின்னாடி. அதுக்கு எத்தனையோ காலத்துக்கு முன்னாடியே உடைகுளத்துல வெடி கிடையாது. தீபாவளிக்குக் கிடையாது, திருவிழாவுக்குக் கிடையாது, கல்யாணத்துக்கும் கிடையாது, கருமாதிக்கும் கிடையாது. கோயில்ல மைக்செட்டுக் கட்டுனாக் கூடக் குழாயைக் கண்மாய்க்கு முதுகு காட்டித்தான் கட்டுவோம். அந்தப் பறவை எச்சம் விழுந்த தண்ணி பாயுற வயலுக்கு உரமே வேணாம் தம்பி, பயிரு கரும்பச்சையா நிக்கும். ஆனா அதுக்காக இல்ல. வீட்டுக்குப் புள்ளை பெக்க வந்தவளைப் பயமுறுத்துவாங்களா? அதுக்காக.

தப்பித்தவறி எவனாச்சும் வெடிச்சுட்டா, கண்மாயில ஒரு முழுக்குப் போட்டுட்டு, ஈரத்துணியோட கரையில நெடுஞ்சாண்கிடையா விழுந்து மன்னிப்புக் கேக்கணும். ஊரே நின்னு பாக்கும். வெடிச்சவன் வெளியூரு விருந்தாளியா இருந்தா, அந்த வீட்டுக்காரன் அவனுக்குப் பதிலா விழுந்துக்கலாம். விருந்தாளியை விழ வச்சா வீட்டுக்கு மரியாதை இல்லேல்ல? அதனால அப்படி ஒரு வழி. தீபாவளிக்கு முதநாளு வீடு வீடாப் போய், வந்திருக்கிற ஒறம்பரைககிட்ட, 'இந்தா பாருங்க, எங்க ஊர்ல இப்படி'ன்னு பக்குவமாச் சொல்லிட்டு வர்றது நான்தான். எனக்கு யாரும் கொடுத்த வேலை இல்ல. நானா எடுத்துக்கிட்டது. விசயம் கண்மாயைப் பத்துனதா இருந்தா, எனக்குச் சாமியும் இல்ல, சம்பந்தியும் இல்ல.

எங்க பங்காளி ஒருத்தன் முத்தரசுன்னு. அவன் மச்சினன் பட்டாளத்துல இருந்தான். ஒரு தீபாவளிக்கு லீவுல வந்தவன், ராத்திரி அடிச்ச சரக்கு எறங்காம, காலையில ஒரு சரத்தைக் கொளுத்தித் தெருவுல எறிஞ்சுட்டான். முத்தரசு என்ன பண்ணான், மச்சினனை வீட்டுக்குள்ள படுக்க வச்சுட்டு, இவன் போய் முழுக்குப் போட்டுக் கரையில விழுந்தான். எனக்கு வந்துச்சே கோபம்! ஊரு முன்னாடியே கேட்டேன். 'குடிச்சது அவன், கொளுத்துனது அவன், விழுறது நீயா? தப்புப் பண்ணவன்தாண்டா விழணும். வழக்கத்துல இருந்தா வழக்கத்தை மாத்து'ன்னேன். முத்தரசு தலையைத் துவட்டிக்கிட்டே ஒரு பார்வை பாத்தான். 'உன் வீட்டுலயும் பொம்பளப் புள்ள இருக்குண்ணே, நீயும் ஒருநாள் மாமனாராவே'ன்னான். ஆவேன், அன்னைக்கும் இதைத்தான்டா சொல்லுவேன்னேன்.

கொஞ்சம் ஜன்னலை ஏத்துங்க, காத்து முகத்துல அடிக்குது. ம்.

எம்மக அழகுமீனா. ஒரே புள்ள. சின்னதுல அவளுக்கு வெடின்னா உசுரு. நம்ம ஊர்ல பிறந்துட்டு வெடி மேல ஆசை, எப்படி இருக்கு பாருங்க. தீபாவளியன்னைக்கு மாடியில ஏறிக்குவா. மத்த ஊருக ராக்கெட்டு விடுறது தூரத்துல பொறி பொறியாத் தெரியும்ல, அதைப் பாத்துக்கிட்டே நிப்பா. 'ஒண்ணே ஒண்ணுப்பா, ஒண்ணே ஒண்ணு வாங்கிக் குடுப்பா, வயக்காட்டுல போய் வெடிச்சுட்டு ஓடியாந்துர்றேன்'ம்பா. ரெண்டு அதட்டு அதட்டுவேன். அழுதுட்டுத் தூங்கிரும். புள்ளைகன்னா கேக்கத்தான் செய்யும். அதையெல்லாம் பெருசா எடுக்க முடியுமா?

அவளுக்கு வரன் வந்துச்சு. பையன் பேரு காளிராஜ். பட்டாசு ஆபீஸ்ல ஃபோர்மேன். அந்தப் பக்கம் பட்டாசுக் கம்பெனியை ஆபீஸ்னுதான் சொல்றாங்க. ஊரே சிரிச்சுச்சு தம்பி. 'என்ன சேவுகா, போயும் போயும் பட்டாசுக்காரனுக்கா பொண்ணு குடுக்கப் போறே?'ன்னாய்ங்க. எனக்கும் ரோசம்தான். ஆனா பையனைப் பாத்தேன். பதவிசான பையன். கூட வந்த அவங்கப்பாவுக்கு ஒரு கையில விரலெல்லாம் வெந்து ஒட்டிப் போய்க் கிடந்துச்சு. நான் பாக்குறதை அந்தப் பையன் பாத்துட்டான். 'எங்க ஊர்ல நாங்க யாரும் வெடி போடமாட்டோம் மாமா. ஆபீஸ்ல ஒரு சத்தம் கேட்டா ஆளு போயிருச்சுன்னு அர்த்தம். உங்க ஊரு மாதிரி சத்தமில்லாத ஊருதான் எங்களுக்கு வேணும்'னான். அந்த ஒரு பேச்சுல நான் கவுந்துட்டேன். ஊர்ல சொன்னேன், 'எம்மாப்பிள்ளை வெடியைத் தொடமாட்டாரு, அதுக்கு நான் பொறுப்பு'ன்னு. வாக்குக் குடுத்தேன் தம்பி. நல்லாக் கேட்டுக்கங்க, ஊருக்கு வாக்குக் குடுத்தேன்.

ஆவணியில கல்யாணம். ஐப்பசியில தலைதீபாவளி. போன வருசம். மாப்பிள்ளையும் பொண்ணும் வந்து இறங்குறாங்க, மாப்பிள்ளை கையில பெரிய அட்டைப்பெட்டி. 'ஆபீஸ்ல எல்லாருக்கும் குடுத்தது மாமா. வெடியெல்லாம் எடுத்துட்டேன். கம்பி மத்தாப்பும் பூச்சட்டியும்தான் இருக்கு. சத்தமே வராது. மீனா ரொம்ப ஆசைப்பட்டா'ன்னாரு. அவங்க பக்கம் பட்டாசுப் பெட்டி குடுக்கிறதுதான் பெரிய மரியாதையாம். நான், 'வெளிச்சமும் ஆகாது மாப்பிள்ளை'ன்னு சிரிச்சுக்கிட்டே வாங்கிப் பீரோவுல வச்சுப் பூட்டி, சாவியை அரைஞாண் கயித்துல முடிஞ்சுக்கிட்டேன். அவரும் சிரிச்சாரு. அழகுமீனா சிரிக்கல. பொன்னழகு என்னைய முறைச்சா. எனக்கு யாரு முறைச்சா என்ன?

தீபாவளியன்னைக்கு விடிஞ்சும் விடியாமக் கண்மாய்க்கரையை ஒரு சுத்துச் சுத்திட்டு வந்தேன். அந்த வருசம் மழை முன்கூட்டியே பெஞ்சு தண்ணி நெறஞ்சிருந்துச்சு, நாரைக கூடு கட்டி முட்டை இட்டு உக்காந்திருக்குக. அதைப் பாத்தாலே மனசு குளுந்துரும். வீட்டுக்கு வந்து, காப்பித் தம்ளரை வாயில வைக்கல, டமார்னு ஒண்ணு! என் வீட்டுக் கொல்லையில! காப்பி நெஞ்செல்லாம் கொட்டிருச்சு. கண்மாய்ப் பக்கம் ஒரு சத்தம் கிளம்புச்சு பாருங்க, அத்தனை றெக்கையும் ஒண்ணா அடிச்சா எப்படி இருக்கும்! வானம் இருட்டிப் போச்சு தம்பி. ஒண்ணு விடாம எந்திரிச்சிருச்சு. அடுத்த நிமிசம் காக்கா எறங்கிருச்சு முட்டைக்கு.

ஓடுறேன் கொல்லைக்கு. மாப்பிள்ளை நிக்கிறாரு, கையில ஊதுபத்தி. நுனி இன்னும் புகையுது. கீழ பச்சைச் சணல் சுத்துன அணுகுண்டு வெடிச்ச காகிதம் செதறிக் கிடக்கு. பக்கத்துல எம்மக காதைப் பொத்திக்கிட்டு நிக்கிறா. முகம் அப்படியே... எப்படிச் சொல்ல, சிரிக்கிறாளா அழுகுறாளான்னே தெரியல. 'யாரு?'ன்னு கத்துனேன். மாப்பிள்ளை அவளைப் பாத்தாரு. அப்புறம் என்னையப் பாத்தாரு. 'நான்தான் மாமா'ன்னாரு.

அம்புட்டுதான். அவன் வாயால சொல்லிட்டான். கையில ஊதுபத்தி. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும், சொல்லுங்க?

பீரோவைப் போய்ப் பாத்தேன். பூட்டுனது பூட்டுனபடி இருக்கு. அப்ப என்ன அர்த்தம்? தனியா ஒண்ணைப் பைக்குள்ள ஒளிச்சுக் கொண்டாந்திருக்கான்னு அர்த்தம். மத்தாப்பு மட்டும்தான் மாமான்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு! நம்ப வச்சுக் கழுத்தறுக்கிறதுன்னா இதுதான். முன்னப்பின்ன தெரியாதவன் செஞ்சா வலிக்காது தம்பி. நான் ஊரு பூரா பொறுப்பேத்துக்கிட்ட ஆளு செஞ்சான்.

ஊரு கூடிருச்சு. எங்க ஊரு அம்பலம், அதான் ஊர்த்தலைவரு, வைரவன் அம்பலம், நல்ல மனுசன். என் தோள்ல கையைப் போட்டுத் தனியாக் கூட்டிட்டுப் போனாரு. 'சேவுகா, தலைதீபாவளிக்கு வந்த புள்ள. நமக்கு விருந்தாளி. நீ போய் ஒரு முழுக்குப் போட்டுட்டு வந்து விழுந்துரு. முடிஞ்சு போச்சு. வழக்கத்துல இடமிருக்கு, ஒருத்தரும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல'ன்னாரு.

நான் திரும்பிப் பாத்தா, கூட்டத்துல முத்தரசு நிக்கிறான். கையைக் கட்டிக்கிட்டு. வாயைத் தொறந்து ஏதாச்சும் சொல்லியிருந்தாக் கூடப் பரவாயில்ல. சும்மா நின்னுக்கிட்டு இருந்தான்.

'வேணாம் அம்பலம்'னேன். சத்தமாத்தான் சொன்னேன், எல்லாருக்கும் கேக்கட்டும்னு. 'தப்புப் பண்ணவன்தான் விழணும். ஊருக்கு ஒரு நியாயம், என் வீட்டுக்கு ஒரு நியாயம் கிடையாது. எம்மாப்பிள்ளையே விழுவாரு'ன்னேன். சொந்த மாப்பிள்ளைன்னு கூடப் பாக்காம விட்டுக்குடுத்தான்யா சேவுகன்னு இன்னைக்கும் பேசுறாய்ங்க. அந்த மாதிரி ஒரு ஆளு உங்க ஊர்ல இருக்கானா தம்பி? இருக்க மாட்டான்.

அப்பத்தான் எம்மக கூட்டத்தை விலக்கிக்கிட்டு வர்றா. தலைதீபாவளிக்கு நான் எடுத்துக் குடுத்த பட்டுச்சேலை, மஞ்சத் தடவுன லேபிள் கூடக் கிழிக்கல. 'அப்பா, அவரு இல்லப்பா. நான்தான் கொளுத்துனேன். நான்தான் அவங்க ஊர்லேருந்து அவருக்குத் தெரியாம என் பையில போட்டுக் கொண்டாந்தேன். அவரு அணைக்கத்தான் ஓடியாந்தாரு, ஊதுபத்தியை என் கையிலேருந்து பிடுங்குனாரு, அதுக்குள்ள வெடிச்சிருச்சு'ன்னு சொல்றா. கையை நீட்டிக் காட்டுறா. பெருவிரல்ல ஒரு கொப்புளம்.

எந்தப் பொண்டாட்டிதான் புருசனுக்காகப் பேச மாட்டா? கல்யாணமாகி மூணு மாசம் ஆகல, புருசன் ஊரு முன்னாடி நிக்கிறான், இவ பழியைத் தன் மேல போட்டுக்கப் பாக்குறா. எனக்குத் தெரியாதா? 'இவளை உள்ள கூட்டிட்டுப் போ'ன்னு பொன்னழகுகிட்டச் சொன்னேன். கொப்புளம்? அது அடுப்புல சுட்டுக்கிட்டிருப்பா. அன்னைக்கு அவ அடுப்படிப் பக்கமே வரலைன்னு பொன்னழகு சொல்றா. பொன்னழகு சொல்லுவா. அவளுக்கு மகதானே முக்கியம்.

மாப்பிள்ளை ஒரு வார்த்தை பேசல. போய் முழுக்குப் போட்டாரு. நான் குடுத்த பட்டுவேட்டி, அதோட. கரையில வந்து விழுந்தாரு. ஒரே சகதி. எந்திரிக்கும்போது முகமெல்லாம் சேறு. எம்மக உள்ள போகல. நின்னு பாத்துக்கிட்டே இருந்தா. வீட்டுக்கு வந்தாங்க. அவரு குளிச்சாரு, சாப்பிட்டாரு, 'போயிட்டு வர்றோம் மாமா'ன்னு முறையாச் சொன்னாரு. அன்னைக்கே கிளம்பிட்டாங்க. எம்மக அந்தப் பட்டுச்சேலையை மடிச்சுக் கட்டில்ல வச்சுட்டு, வந்தப்ப கட்டியிருந்த சேலையோட போயிட்டா. எங்கிட்டச் சொல்லிக்கல.

பறவையா? சாயங்காலமே திரும்பிருச்சு தம்பி. கொஞ்சம் முட்டையைக் காக்கா தின்னுருச்சு, அது போனது போனதுதான். ஆனா நாரைக பொழுது அடையுறதுக்குள்ள வந்து அதது கூட்டுல உக்காந்திருச்சு. மறுபடி முட்டை வச்சு, பொரிச்சு, பறக்க விட்டுட்டுத்தான் போச்சு. இந்த வருசம் அதை விட அதிகமா வந்திருக்கு. வாயில்லாத சீவன், அதுக்கு இருக்கிற மனசு எம்மகளுக்கு இல்லையே! ஒரு வருசமா வாசப்படி மிதிக்கலயே! பொங்கச் சீரு கொண்டு போனோம், வெறும் தண்ணி குடுத்து அனுப்பிட்டா. மாசமா இருக்கிற சேதியை அவங்கம்மாகிட்ட மட்டும் போன்ல சொல்றா. நான் பக்கத்துல உக்காந்திருக்கேன், எங்கிட்டக் குடுன்னு ஒரு வார்த்தை சொல்லல.

கண்டக்டர் சார், உடைகுளம் விலக்குல நிறுத்துங்க, பேசிக்கிட்டே தாண்டிறப் போறீங்க.

இன்னைக்குக் கதைக்கு வர்றேன். சரி, பெத்தவன் மேல உள்ள கோபம் வயித்துல புள்ள வந்தாத் தீந்துரும்னு நினைச்சேன். வீட்டுல அவளுக்குன்னு ஒரு ரூமை வெள்ளையடிச்சு, கட்டில் போட்டு, கொசுவலை வாங்கி மாட்டி வச்சிருக்கேன். போனோம். மாப்பிள்ளைதான் வாசலுக்கு வந்து, 'வாங்க மாமா'ன்னு பையை வாங்கிக்கிட்டாரு. கட்டுச்சோத்தைப் பிரிச்சோம், வளையல் போட்டோம், எல்லாம் முறைப்படி நடந்துச்சு. எம்மக ரூமுக்குள்ள போயி ஒரு பையைத் தூக்கிக்கிட்டு வந்தா. துணிமணியெல்லாம் மடிச்சு வச்சு, பையெல்லாம் முன்னாடியே கட்டி ரெடியா வச்சிருக்கா தம்பி! எனக்கு அப்படியே நெஞ்சு நெறஞ்சு போச்சு. வரணும்னுதானே கட்டி வச்சிருந்தா? வர மனசில்லாமலா கட்டி வச்சிருந்தா?

பையைக் கீழ வச்சா. வயித்தைப் புடிச்சுக்கிட்டு நின்னுக்கிட்டே பேசுறா. 'அப்பா, நான் அன்னைக்குச் செஞ்சது தப்பு. கண்மாய்க்கரையில விழச் சொல்லுங்க, புள்ளை பெத்து எந்திரிச்சதும் வந்து விழுறேன். ஆனா நீங்க அவருகிட்ட ஒரு வார்த்தை கேக்கணும். வெடி போட்டதுக்கு இல்ல. நீங்க விழுந்திருக்க வேண்டிய எடத்துல அவரை விழ வச்சீங்களே, அதுக்கு. தெரியாமப் பண்ணிட்டேன் மாப்பிள்ளைன்னு ஒரு வார்த்தை. இப்பவே கிளம்பி வர்றேன்'ங்கிறா.

மாப்பிள்ளை பதறிட்டாரு. 'ஏய் மீனா, மாமா வயசென்ன, என்ன பேச்சு இது? மாமா, நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். நான் அதை அன்னைக்கே மறந்துட்டேன். கூட்டிட்டுப் போங்க'ன்னு பையை அவரே தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டாரு. அவ அவரைப் பாக்கவே இல்ல. என்னையே பாக்குறா.

நீங்களே சொல்லுங்க, மாமனாரு மருமகன்கிட்ட மன்னிப்புக் கேட்ட கதை எந்த ஊர்லயாச்சும் உண்டா? அதுவும் எதுக்கு? நியாயமா நடந்ததுக்கா? ஊரே மெச்சுன காரியத்துக்கா? கேட்டா என்ன ஆகும்? அன்னைக்குச் செஞ்சது தப்புன்னு ஆகும். அப்புறம் முத்தரசு மூஞ்சியில எப்படி முழிக்கிறது?

இல்ல, வாய் வரைக்கும் வந்துச்சு தம்பி. பொய் சொல்ல மாட்டேன். மாப்பிள்ளைன்னு வாயெடுத்தேன். எல்லாரும் என்னையப் பாக்குறாங்க. அவங்கப்பா, அந்த வெந்த கையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு, அவரும் பாக்குறாரு. 'மாப்பிள்ளை, கார் பேசணும், நேரமாச்சு'ன்னேன்.

அதுதான் வந்துச்சு வாயில.

எம்மக அவரு தோள்ல இருந்து பையை இறக்கி, கையில எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா. போறப்ப மெதுவாத்தான் சொன்னா, ஆனா எனக்குக் கேட்டுருச்சு. 'பிரசவத்துக்கு வந்த பறவை சத்தம் கேட்டுப் பயந்துரக் கூடாதுன்னு பாக்குறீங்கல்லப்பா. எனக்கு அங்க வந்து படுத்தா, இவரு சேத்துல விழுந்த சத்தம்தான்பா கேக்கும்'னா. பேச்சைப் பாருங்க! நான் வளத்த புள்ள! அவளுக்குன்னு நான் வெள்ளையடிச்சு வச்சிருக்கேன்!

அதோட போச்சா? நான் கிளம்புவோம்னு பொன்னழகைப் பாக்குறேன், அவ முந்தானையைச் சொருகிக்கிட்டு அடுப்படியில நிக்கிறா. 'நீங்க போங்க. நான் இருந்து பேறுகாலம் பாத்துட்டு வர்றேன்'ங்கிறா. எத்தனை வருசம் கூட வாழ்ந்தவ! மாத்துச்சேலை எடுத்தாந்திருக்கா, பாருங்களேன். வீட்டுலேருந்து கிளம்பும்போதே தெரிஞ்சிருக்கு அவளுக்கு, நான் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டேன்னு. ஆக, எல்லாரும் பேசி வச்சுத்தான் என்னையத் தனியா விட்டிருக்காங்க. மாப்பிள்ளை ஏமாத்துனான், மக ஏமாத்துனா, பொண்டாட்டியும் கையை விட்டுட்டா. நான் யாருக்கு என்ன துரோகம் பண்ணேன்? எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேருந்து ஊருக்கும் கண்மாய்க்கும் உண்மையா இருந்ததைத் தவிர?

அந்தப் பையன் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தான். டிக்கெட்டுக்குச் சில்லறை மாத்திக் குடுத்தான். ஜன்னலோரமாப் பாத்து உக்கார வச்சான். 'மாமா, வலி கண்டதும் போன் பண்றேன், உடனே வந்துருங்க'ன்னான். நான் தலையை ஆட்டிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன். நல்லவன் மாதிரியே நடிக்கிறான் தம்பி. ஒரு வருசமா ஒருநாள் கூட நடிப்பு மாறல. அதுதான் எனக்கு ஆத்திரம்.

ஊர்ல இறங்குன உடனே கேப்பாய்ங்க, எங்கண்ணே, உம்மகளைக் காணோம்னு. டாக்டரு அலையக் கூடாதுன்னுட்டாருன்னு சொல்லணும். வேறென்ன சொல்ல?

சரி, சொல்லுங்க. கேட்டீங்கல்ல எல்லாத்தையும். நான் செஞ்சதுல என்ன தப்பு?

என்னது?

வெடியைப் போட்டது யாருன்னு இப்ப நான் நினைக்கிறேனா? நீங்களுமா தம்பி? இம்புட்டு நேரம் தலையைத் தலையை ஆட்டிக் கேட்டுட்டு, கடைசியில நீங்களும் அந்தப் பக்கம் போய் நிக்கிறீங்களே! அவன் வாயால ஒத்துக்கிட்டான்யா. நான்தான் மாமான்னு சொன்னான். அவளுக்காகச் சொன்னான்னு நீங்க சொல்றீங்க. அவளுக்காக ஒருத்தன் ஊரு பூராவும் பாக்க, தலைதீபாவளி வேட்டியோட சேத்துல விழுவானா? வாயைத் தொறக்காம விழுவானா? பெத்த அப்பன் நானே... இல்ல, நான் என்ன சொல்றேன்னா...

அவ போட்டான்னே வச்சுக்குவோம். ஒரு பேச்சுக்கு வச்சுக்குவோம். அப்ப அன்னைக்கு அங்க நான் யாரை விழ வச்சேன்?

இல்ல தம்பி. அவன்தான். அவனாத்தான் இருக்கணும்.